கொட்டாங்குச்சி கார்பனுக்கு பி.இ.டி ஏரியா எடுக்குறது எப்படி

பி.இ.டி ஏரியான்றது ஒரு கிராம் பொடியோட மேற்பரப்பு, உள்ள இருக்குற ஓட்டையெல்லாம் சேத்து, எத்தன சதுர மீட்டர்ன்ற கணக்கு. மெஷின்ல போட்டா நம்பர் கண்டிப்பா வரும், கார்பனே இல்லாம வெறும் டியூப போட்டாலும் ஏதோ ஒண்ணு வரும். அது சரியான நம்பரான்றது முக்காவாசி டியூப மெஷின்ல மாட்டுறதுக்கு முன்னாடியே முடிவாகிடும், அதனால அந்தப் பக்கத்தையே அதிகமா சொல்றேன்.

விஷயம் இதான்: லிக்விட் நைட்ரஜன்ல டியூப முக்கி வச்சு (77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி), நைட்ரஜன் கேஸ கொஞ்சங்கொஞ்சமா உள்ள விட்டு, எவ்ளோ ஒட்டிக்கிச்சுன்னு பிரஷர வச்சு கணக்கு போடுறோம். ஒரு லேயர் மூட எத்தன மாலிக்யூல் ஆகும்னு தெரிஞ்சா, ஒண்ணு அடைக்கிற எடம் 0.162 சதுர நானோமீட்டர்னு வச்சு பெருக்கிட வேண்டியதுதான். 1938ல புருனவர், எம்மெட், டெல்லர் மூணு பேரும் குடுத்த கணக்கு இது, ஆமா ஹைட்ரஜன் பாம் டெல்லரேதான்.

நல்ல கொட்டாங்குச்சி ஆக்டிவேட்டட் கார்பன் கிராமுக்கு சுமாரா 1000 சதுர மீட்டர் வரும், அதனால 0.1 கிராம் தாராளம். நெறய போட்டா ஒவ்வொரு பாயிண்டும் செட்டில் ஆக யுகமாகும், ரொம்ப கம்மியா போட்டா தராசோட எரர் தின்னுடும்.

அடுத்து டீகேஸ், அதாவது சூடு பண்ணி உள்ள மாட்டியிருக்குற ஈரத்தையும் கேஸையும் வெளியேத்துறது. கார்பன் தண்ணியையும் காத்தையும் புடிச்சு வச்சிருக்கும், அது போகாம ஓட்டுனா ஏரியா கம்மியா காட்டும். எடுத்த ஒடனே 300 டிகிரிக்கு ஏத்தாதீங்க, வாக்குவத்துல முதல்ல 100 டிகிரி கிட்ட ஒரு மணி நேரம் விட்டு ஈரம் போனப்புறம் 300க்கு ஏத்தி ராத்திரி முழுக்க விடுங்க, இல்லன்னா ஆவி கெளம்புற வேகத்துல பொடி பறந்து வால்வுக்குள்ள போயிடும், அப்புறம் லேப்ல யாரும் உங்க கூட பேச மாட்டாங்க.

வெயிட் எப்பவும் டீகேஸுக்கு அப்புறம் பாத்ததுதான் கணக்கு. இங்கதான் நெறய பேர் கோட்டை விடுறாங்க: காலி டியூப காத்தோட எடை போட்டுட்டு, சாம்பிள் டியூப வாக்குவத்தோடயே எடை போடுவாங்க. 20 சிசி டியூப்ல இருக்குற காத்தே சுமார் 24 மில்லிகிராம் இருக்கும், நீங்க போட்டதே 100 மில்லிகிராம், அப்போ தப்பு எவ்ளோன்னு பாத்துக்கோங்க. அதனால ரெண்டு தடவையும் நைட்ரஜன் நெரப்பி, அதே மூடியோட எடை போடுங்க.

லிக்விட் நைட்ரஜன் ஊத்தும்போது கண்ணாடி, கிளவுஸ் போடுங்க, ஜன்னல தொறந்து வைங்க, மூடுன ரூம்ல ஆக்சிஜன் கொறஞ்சிடும். ஹீலியம் வச்சு ஃப்ரீ ஸ்பேஸ் (டியூப்ல சாம்பிள் போக மீதி காலி எடம்) அளந்தா, சின்ன ஓட்டைக்குள்ள ஹீலியம் மாட்டிக்கும், அதனால அத நைட்ரஜன் ரன் முடிஞ்சப்புறம் பண்றது நல்லது.

இப்ப கிராஃப். சாஃப்ட்வேர் பழக்கதோஷத்துல ரிலேட்டிவ் பிரஷர் (உள்ள இருக்குற பிரஷர, அந்தக் குளிர்ல நைட்ரஜன் திரவமாகுற பிரஷரால வகுத்தது) 0.05ல இருந்து 0.30 வரைக்கும் கோடு போடும். அலுமினா, சிலிக்காவுக்கு ஓகே, ஆனா கொட்டாங்குச்சி கார்பன் முழுக்க மைக்ரோபோர் (2 நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டை), அதுக்கு பெரும்பாலும் 0.1க்கு கீழதான் நேர்கோடு கெடைக்கும். ஒட்டுன வால்யூம (1 மைனஸ் ரிலேட்டிவ் பிரஷர்) கூட பெருக்கி பாருங்க, அது ஏறிக்கிட்டே இருக்குற வரைக்கும் உள்ள பாயிண்ட்ட மட்டும் எடுத்துக்கோங்க. இன்டர்செப்ட் மைனஸ்ல வந்தா சி வேல்யூவும் (கேஸ் எவ்ளோ பலமா ஒட்டுதுன்னு காட்டுற எண்) மைனஸ், அந்த ரேஞ்ச தூக்கி போட்டுடுங்க.

உதாரணத்துக்கு ஸ்லோப் 0.004344, இன்டர்செப்ட் 0.000004னு வைங்க. ரெண்டையும் கூட்டி 1ஐ அதால வகுத்தா 230 சிசி, அதான் ஒரு லேயர். ஒரு சிசி நைட்ரஜன் மூடுற எடம் 4.35 சதுர மீட்டர், அதனால 4.35ஆல பெருக்குங்க, கிராமுக்கு சுமார் 1000 சதுர மீட்டர். ரிப்போர்ட்ல ஏரியாவோட சேத்து சி வேல்யூ, எடுத்த ரேஞ்ச், டீகேஸ் டெம்பரேச்சர் மூணையும் போடுங்க, இல்லன்னா வேற லேப்ல வந்த நம்பரோட ஒப்பிடவே முடியாது. மெஷின் மேலயே சந்தேகம்னா ஏரியா சர்டிஃபிகேட்டோட வர்ற ரெஃபரன்ஸ் அலுமினாவ ஒரு தடவ ஓட்டிப் பாருங்க.