மே மாதப் பூசைக்குப் போகும் முன் தண்ணீர் குடியுங்கள்

கத்தோலிக்கப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கணுமே என்று பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கோவிலுக்கு வரும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். மே மாதப் புழுக்கத்தில், பிரசங்கம் முடிவதற்குள் தலைசுற்றி பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். அதற்கு முன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பழைய சட்டம். 1953-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்தினால் போதும். கவனியுங்கள், பூசை தொடங்குவதற்கு முன்பு அல்ல. தண்ணீரும் மாத்திரையும் கணக்கில் வராது. மோர், இளநீர், காப்பி வரும். ஆனால் வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. சர்க்கரை உள்ள அம்மாவுக்கு இட்லி கொடுத்தே கூட்டிவரலாம். ஜெபமாலைப் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும்.