மரத்தில் ஹைன்கெல் 111: புதியவர்களுக்கான செய்முறை

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களில் பார்த்ததும் அடையாளம் தெரிவது ஹைன்கெல் 111. அதை மரத்தில் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் உருவம் சரியாக வரட்டும், நுணுக்கமெல்லாம் அப்புறம். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமான மாதிரிகள் கேட்டது. எது எதிரி விமானம் என்று வீரர்கள் கண்டுபிடித்துப் பழக வேண்டுமே, அதற்காக. அவையெல்லாம் கறுப்பு பூசிய வெறும் உருவங்கள்தான்.

அளவு: அந்த மாணவர்கள் செய்த 1:72 அளவையே, அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கை, எடுத்துக்கொள்வோம். அசல் விமானத்தின் இறக்கை விரிவு 22.6 மீட்டர், நீளம் 16.4 மீட்டர். நமக்கு 31.4 செ.மீ., 22.8 செ.மீ. வரும். மேல், பக்க, முன் தோற்றங்கள் உள்ள வரைபடத்தை இந்த அளவுக்கு அச்செடுத்து, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

மரம்: குமிழ் மரம் போல மென்மையான, நன்றாகக் காய்ந்த மரம் போதும். ரேகை நீளவாக்கில் ஓடட்டும். தேக்கை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

உடற்பகுதி: இங்கே அவசரப்படாதீர்கள். கட்டையின் பக்கவாட்டில் பக்கத் தோற்றத்தை ஒட்டி, ரம்பத்தால் அறுங்கள். அறுத்து விழுந்த துண்டுகளை எறியாமல், அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். கட்டை மறுபடி சதுரமாகிவிடும். இப்போது மேல் தோற்றத்தை ஒட்டி அறுத்தால், இரண்டு பக்கமும் சரியான உருவம் கையில் நிற்கும். நான்கு மூலைகளையும் கத்தியால் சீவி எண்கோணமாக்கி, பிறகு உப்புத்தாளால் உருட்டுங்கள். மரம் பிய்த்துக்கொண்டு வந்தால் ரேகைக்கு எதிராகச் சீவுகிறீர்கள்; கட்டையைத் திருப்பிப் பிடியுங்கள்.

மூக்கு: இந்த விமானத்தின் முகமே இதுதான். பி (P), எச் (H) வகைகளில் மூக்கு முழுக்கக் கண்ணாடி, படியே இல்லாமல் உடலோடு வழுக்கிச் சேரும். அதன் நுனி நடுவில் இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் விமானிக்குப் பாதை மறைக்காமலிருக்க, துப்பாக்கி இருக்கும் நுனியை வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். நடுக்கோடு போட்டுச் சமமாகச் செதுக்கினால் வேறு விமானமாகிவிடும்.

இறக்கைகளைத் தனித்தனியாகச் செய்து, மூங்கில் குச்சி செருகி பெவிகாலில் ஒட்டுங்கள். நுனிகள் எவ்வளவு மேலே தூக்கியிருக்க வேண்டும் என்பதை முன் தோற்றத்தில் பாருங்கள். வாலின் படுக்கை இறக்கை நீள்வட்டம். இன்ஜின் கூடுகள் இரண்டையும் கடைசியில் ஒட்டலாம்.

சோதனை: பசை காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லி, 10 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அசல் 720 மீட்டரில் தெரிகிற அளவு அது. கோணல் இருந்தால் நிழலுருவமே சொல்லிவிடும்.

பூச்சு: பெயின்ட்டைவிட மரநிறத்தையே நான் விரும்புவேன். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கை அடித்து, 320 எண் உப்புத்தாள் போட்டு, கண்ணாடிச் சட்டங்களைக் கூரான பென்சிலால் வரைந்து, மேலே வார்னிஷ் அடியுங்கள். நாஜிச் சின்னம் வேண்டாம்.

தாங்கி: விரல் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே 3 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகுங்கள். அடிப்பலகையில் விமானத்தின் பெயரோடு ‘கெர்னிக்கா 1937, கோவென்ட்ரி 1940’ என்றும் எழுதுங்கள். ஸ்பெயினின் கெர்னிக்கா, இங்கிலாந்தின் கோவென்ட்ரி இரண்டும் இந்த விமானம் குண்டு வீசிய ஊர்கள்; கோவென்ட்ரியில் ஒரே இரவில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று கையில் எடுப்பவர், இது என்ன செய்த விமானம் என்பதையும் படிக்கட்டும்.