அடுப்பில் ஏறாத சமையலுக்கு ஒரு நோட்டு

போன வருஷம் ராமநவமிக்குச் செய்த கோசுமல்லியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். மூன்று வாரம் கழித்து அதையே மறுபடி செய்தேன். அதே பாசிப்பருப்பு, அதே வெள்ளரி, அதே மாங்காய். பாத்திரத்தின் அடியில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக்கொண்டு சப்பென்று கிடந்தது. அத்தை ஒரு வாய் போட்டுவிட்டு, "அன்னிக்கு என்னென்ன போட்டேன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்றார். இல்லை.

சாம்பார் நீர்த்துப்போனால் இன்னும் இரண்டு கொதி விடலாம். பொரியலில் காய் முற்றலாக இருந்தால் மூடிபோட்டு வேகவிடலாம். நம் தப்புகளில் பாதியை அடுப்பு சரிக்கட்டிவிடும். சமைக்காத உணவில் அந்தச் சலுகை கிடையாது. காய் எவ்வளவு பிஞ்சு, பருப்பு எத்தனை மணி நேரம் ஊறியது, உப்பு எப்போது விழுந்தது என்பதெல்லாம் அப்படியே நாக்குக்கு வந்துவிடும். அதனால் இந்தச் சமையலுக்குக் குறிப்பு எழுதும் விதமே வேறு. நான் எழுதுகிற முறையைச் சொல்கிறேன். நாங்கள் கும்பகோணம் பக்கம், தாராசுரம் மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர்கள். ராத்திரி ஒரு வேளை மட்டும் சமைக்காத சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சோறுதான்.

1. நோட்டு வாங்குங்கள்

கோடு போட்ட 200 பக்க நீள நோட்டு போதும். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே அலமாரிக்குள் இருக்கும் துணியே நமுத்துப்போகும். ஜெல் பேனா எழுத்து ஈரக்கை பட்டால் ஓடிவிடும். போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், பிறகு வருகிறேன்.

2. உங்கள் எல்லையை முதல் பக்கத்தில் எழுதுங்கள்

சுமார் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு படாததைத்தான் சமைக்காத உணவு என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீட்டில் 'பச்சை' என்று நினைப்பதில் பாதி தள்ளுபடி. அவல், நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தது. வெல்லம், பாகு காய்ச்சி வார்த்தது. தயிர், காய்ச்சிய பாலில் உறை ஊற்றியது. தாளிப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். கறாரானவர்கள் இவற்றைத் தொடமாட்டார்கள். நான் தொடுவேன், வாழைத்தண்டுப் பச்சடியைத் தயிர் இல்லாமல் என்னால் சாப்பிட முடியாது. ஆனால் நோட்டில் ஏமாற்றுவதில்லை. எதுவும் சூடு படாத பதார்த்தத்துக்குத் தலைப்பில் பச்சைப் புள்ளி, ஏதாவது ஒன்று அடுப்பைப் பார்த்திருந்தால் சிவப்புப் புள்ளி. விருந்தாளி கேட்டால் புள்ளியைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம்.

அதே பக்கத்தில் பச்சையாகச் சாப்பிடவே கூடாதவற்றையும் எழுதிவிடுங்கள்: மரவள்ளிக்கிழங்கு (சயனைடு நஞ்சு), ராஜ்மா (வயிற்றைப் புரட்டிப்போடும்), சேனைக்கிழங்கு (தொண்டை அரிப்பு). முளைவிட்ட பயறு ஆரோக்கியம்தான், ஆனால் முளைவிடும் ஈரச் சூட்டில் கிருமிகளும் சேர்ந்தே வளரும். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் அதைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். மூன்று வேளையும் இப்படியே என்று முடிவெடுத்தால் பி12 வைட்டமின் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் கேட்க வேண்டும்.

3. அளவுக்கு ஒரே ஒரு பாத்திரம்

"ஒரு கை", "கொஞ்சம்", "தேவைக்கு" எல்லாம் அடுப்புச் சமையலுக்குச் சரி. இங்கே ஒரு பாத்திரத்தை முடிவு செய்து அதையே பயன்படுத்துங்கள். எனக்கு அத்தையின் பித்தளை ஆழாக்கு, 168 மில்லி பிடிக்கும். உங்களுக்கு டம்ளர் என்றால் டம்ளர். வருஷம் முழுக்க அதே டம்ளர்.

இதில் எனக்கு முன்மாதிரி காந்தி. 1929ல் அவர் சமைக்காத உணவைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். அன்றாடம் சாப்பிட்டதைப் பத்திரிகையில் எழுதினார்: 8 தோலா முளைகட்டிய கோதுமை, 8 தோலா பாதாம் விழுது, 8 தோலா இடித்த கீரை, 6 எலுமிச்சம்பழம், 2 அவுன்ஸ் தேன். ஒரு தோலா 11.66 கிராம், ஆக, கோதுமை மட்டும் 93 கிராம் வருகிறது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து இன்றைக்கும் அதை அப்படியே எடை போட்டுச் செய்து பார்க்கலாம். அந்தச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துவராமல் அதே வருஷம் விட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

4. ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்

மூன்றாவது முறையாகச் சரிசெய்த பிறகு எழுதிய என் கோசுமல்லிப் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

கோசுமல்லி, பச்சைப் புள்ளி. பங்குனி கடைசி வாரம், ராத்திரி, 4 பேர்.
பாசிப்பருப்பு அரை ஆழாக்கு. ஒன்றரை மணி நேரம் ஊறல். நகத்தால் கிள்ளினால் உடையணும், நசுங்கக் கூடாது. வடிதட்டில் கால் மணி.
வெள்ளரிப் பிஞ்சு 3, விரல் நீளம், விதை பிடிக்காதது. கொள்ளிடக் கரையிலிருந்து கொண்டுவரும் அம்மாவிடம் வாங்கியது. தோலோடு.
மாங்காய் பாதி, ஒட்டு, புளிப்பு மட்டம்.
தேங்காய் அரை மூடி, முற்றல் இல்லை. பச்சைமிளகாய் 1, இஞ்சி சுண்டுவிரல் நகம் அளவு, கொத்தமல்லி.
உப்பு: சாப்பிட இலை போட்ட பிறகு.
பெரியவன் இரண்டாம் தரம் கேட்டான். மாமா தொடவில்லை.

பார்த்தீர்களா, செய்முறை என்று ஒரு வரிகூட இல்லை. நறுக்கு, கலக்கு, அவ்வளவுதானே, அதை எதற்கு எழுதணும்? மூன்று இடங்கள்தான் முக்கியம்: காய் யாரிடம் எப்படி வாங்கியது, எவ்வளவு நேரம், உப்பு எப்போது. நான் இரண்டாம் தடவை சொதப்பியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வெள்ளரி முற்றல், அதோடு அரை மணி முன்பே உப்பைப் போட்டுவிட்டேன். உப்பு காயிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யார் சாப்பிட்டார்கள், யார் ஒதுக்கினார்கள், மறுநாள் வயிறு எப்படி. 'சூப்பர்' என்று எழுதினால் ஆறு மாசம் கழித்து அதற்கு அர்த்தமே இருக்காது.

5. தமிழ் மாசத்தைப் போடுங்கள்

ஏப்ரல் 14 என்று எழுதினாலும் தப்பில்லை. ஆனால் இங்கே காய்கள் நம் மாசத்தைக் கேட்டுத்தான் வருகின்றன. முளைப்பயறு விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால், சித்திரை வெயிலில் ராத்திரி கட்டியது காலையில் அரை அங்குலம் முளை நீட்டியிருக்கும். மார்கழியில் அதே முடிச்சு முழு நாள் பிடிக்கும், சில நாள் அதற்கும் மேல். 'பன்னிரண்டு மணி நேரம்' என்று மட்டும் எழுதிவைத்தால் இரண்டு மாசத்திலும் ஏமாறுவீர்கள். வெயில் காலத்தில் இன்னொன்றும் உண்டு: முளை வழவழத்து, புளிச்ச வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

பயறு எப்போது வாங்கியது என்பதும் ஒரு வரி. சம்பா அறுப்பை ஒட்டித் தை மாசம் வயலில் தெளிக்கிற உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேரும். வருஷம் தாண்டிய பழைய பயறு ஒழுங்காக முளைக்காது, பாதி கல்லாகவே கிடக்கும். பல்லுக்குத்தான் சேதம்.

6. உடனே நோட்டில் ஏற்றாதீர்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் கரட்டுப் பிரதி. முதல் தடவை செய்வதை அதில் கிறுக்கி, நோட்டு அட்டையில் கிளிப் போட்டுவிடுவேன். மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் உள்ளே இடம். அதற்குள் பாதி தாள் தானாகக் குப்பைக்குப் போய்விடும். இதில் ஒரே விதிவிலக்கு, படுதோல்வி. அதை நேராக நோட்டில் எழுதிக் குறுக்குக் கோடு போடுகிறேன். பீர்க்கங்காயைப் பச்சையாகத் துருவிய நாள் அப்படி உள்ளே வந்தது. காய் கசப்பு என்பது எல்லாவற்றையும் கலந்த பிறகு தெரிந்தது. கசந்த பீர்க்கங்காய், சுரைக்காயை அப்போதே எறிய வேண்டும், அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது. அந்தப் பக்கத்தில் இப்போது "முதலில் நுனியை நறுக்கி நக்கிப் பார்" என்று மட்டும் இருக்கிறது.

7. தேடுவதற்கு

கடைசி நான்கு பக்கத்தைக் காலியாக விட்டு, காயின் பெயரில் அட்டவணை போடுங்கள். பதார்த்தத்தின் பெயரில் வேண்டாம். சாயங்காலம் கையில் ஒரு முழம் வாழைத்தண்டு இருக்கும், இதை என்ன செய்யலாம் என்றுதான் நோட்டைத் திறப்போம். 'வாழைத்தண்டு: 14, 31, 32' என்று இருந்தால் போதும்.

போனுக்கு வருகிறேன். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து, நமக்கு நாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் அது காப்பு. மார்க்கெட்டில் நிற்கும்போதும் உதவும். ஆனால் படத்தின் கீழே காயின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள், அதுவும் எப்போதும் ஒரே எழுத்தில். ஒருநாள் 'தேங்காய்', ஒருநாள் 'தேங்கா', ஒருநாள் ஆங்கில எழுத்தில் என்று போட்டுவைத்து, தேடும்போது பாதிதான் கிடைத்து நான் பட்டிருக்கிறேன்.

இந்த வாரம் வாழைத்தண்டுப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாரை விரலில் சுற்றி எடுத்து, வெட்டிய துண்டுகளைக் கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவது வரை எழுதியாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார். "எந்தத் தண்டுன்னு போட்டியா? பூவன் தண்டு ஒரு மாதிரி இருக்கும், மொந்தன் ஒரு மாதிரி. போடு." போட்டேன். "மாங்கா போட்ட அன்னிக்கு எலுமிச்சை வேணாம்னும் எழுதிக்க," என்றார். அது கோசுமல்லி, 9ஆம் பக்கம். திருப்பினேன்.