ஷெட்லாண்ட் போனி நொண்டினால் குளம்போடு நின்றுவிடாதீர்கள்

ஷெட்லாண்ட் போனி முன்காலை நொண்டியதும் எல்லோரும் முதலில் குளம்பைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஸ்காட்லாந்தின் இந்தக் குட்டைக் குதிரை இனத்துக்குக் குளம்பு அழற்சி சர்வசாதாரணம். குளம்பில் ஒன்றும் சிக்காத பிறகும் அதையே சுற்றிவந்து மாதங்களைக் கடத்துவதுதான் தவறு. ஷெட்லாண்ட், மினியேச்சர், ஃபலபெல்லா போன்ற குட்டைக் குதிரைகள் என்றால் தோள்மூட்டையும் சந்தேகப்பட வேண்டும்.

தோள்பட்டை எலும்பின் முனையில் கிண்ணம்போல் குழிந்திருக்க வேண்டிய இடம், இவற்றில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே தட்டையாக அமைந்துவிடுகிறது. கீழே உள்ள எலும்பின் தலை அதில் சரியாக உட்காராமல் நழுவுகிறது. குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் வருகிறது. நொண்டல் திடீரென்று, அதுவும் கடுமையாகத் தெரியலாம். அதனால் எங்கோ அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

போனியைப் பக்கவாட்டில் நின்று நடக்கவிட்டுப் பாருங்கள். தோளில் குறை என்றால் கால் முழுதாக முன்னே வராது, குளம்பின் நுனி தரையில் உரசும். தோளைத் தடவினால் சதை வற்றி, எலும்பின் மேடு கையில் தட்டும். நாள்பட்டால் அந்தக் கால் குளம்பு குறுகி நிமிர்ந்துவிடும். உடனே லாடக்காரரைக் குறை சொல்வார்கள், பாவம். காலில் பாரம் குறைந்ததால் வந்த மாற்றம் அது. குளம்பு அழற்சி என்றால் பெரும்பாலும் இரண்டு முன்கால்களிலும் வரும், குளம்புக்கு மேலே நாடி பலமாகத் துடிக்கும்.

காலை இழுத்துப் பார்த்து, சிணுங்கியது என்பதற்காகத் தோள்தான் என்று முடிவுகட்ட முடியாது. மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு, நடை சரியாகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது காலை நன்றாக முன்னே இழுத்துப் பிடிக்காவிட்டால் இரண்டு தோளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படம் வீணாகும். மறுபக்கத் தோளையும் எடுக்கச் சொல்லுங்கள். குறை இரண்டிலும் இருக்கலாம்.

மருந்தில்தான் பெரிய ஆபத்து. 500 கிலோ குதிரைக்கான ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்தின் அளவை 180 கிலோ போனிக்குக் கொடுத்தால் வயிறும் குடலும் புண்ணாகும். எடை நாடாவால் அளந்து, மருத்துவர் சொல்லும் அளவை மட்டும் கொடுங்கள். மூட்டில் ஸ்டீராய்டு போடுமுன் இன்சுலின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இன்சுலின் கூடிய கொழுத்த போனிக்கு ஸ்டீராய்டே குளம்பு அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். சரி, எடையைக் குறைத்துவிடலாம் என்று பட்டினி போடாதீர்கள். ஷெட்லாண்ட் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. ஊறவைத்த உலர்புல்லை அளந்து போட்டு, மெதுவாக இறக்க வேண்டும்.

உடல் எடை குறைவு என்பதால் தகடு வைத்து மூட்டை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை இந்தச் சிறிய இனங்களில் சாத்தியம். மேய்ச்சலில் வலியில்லாமல் திரிய அது உதவலாம். சவாரியை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், “சவாரிக்கு ஆகாது, குட்டியாவது போடட்டும்” என்று பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடுகிறார்கள். மரபுவழியாக வருகிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போது இதை நியாயப்படுத்தவே முடியாது. பொலிகுதிரைக்கும் இதே கணக்குதான்.