குளோரின் சென்சார் குறைத்துக் காட்டினால்: என் அனுபவம்

நீரிலுள்ள குளோரினை டிபிடி சோதனையில் (குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் பொடி) பார்த்தால் 0.6 மி.கி./லி., சென்சாரின் திரையில் 0.25. இந்த நிலையில் காலிபரேஷன் (அளவைச் சரிப்படுத்தும்) பட்டனைத் தொடக்கூடாது. எண் சரியாகிவிடும், பழுது உள்ளேயே தங்கும்.

முதலில் ஃப்ளோ செல், அதாவது சென்சார் செருகியிருக்கும், நீர் ஓடும் சிறு அறை. மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) வகை சென்சார் தன்னைத் தொடும் குளோரினைத் தின்றுகொண்டேதான் அளக்கிறது. நீரோட்டம் தளர்ந்தால் ரீடிங்கும் விழும். பல செல்களுக்கு மணிக்கு 30 லிட்டராவது தேவை (கையேட்டைப் பாருங்கள்). ஊசிவால்வைத் திறந்ததும் 0.4 வந்தது. மெம்பிரேனில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழியை விரலால் தட்டிவிட்டதும் ஊசலாட்டமும் நின்றது.

மீதிக் கோளாறு சென்சாரின் மெம்பிரேன் மூடிக்குள். கழற்றுமுன் காற்றுத்துளையைத் திறந்துவிடுங்கள். இல்லையேல் உள்ளே உறிஞ்சல் உண்டாகி மெம்பிரேன் கிழியும். தங்க முனையைத் துடைத்து உலர்த்தி, கூடவே தரும் நுண்ணிய உரசுதாளில் இரண்டு மூன்று இழுப்பு. வெள்ளிப் பகுதியின் பழுப்புப் பூச்சு அழுக்கல்ல, சில்வர் குளோரைடு. அதைச் சுரண்டினால் ரெஃபரன்ஸே (ஒப்பிட உதவும் மின்முனை) போச்சு! புது எலக்ட்ரோலைட்டை (மின்கடத்தும் கரைசல்) மூடிக்குள் குமிழியில்லாமல் நிரப்பி, மூடியை மெதுவாகத் திருகி, சில மணி நேரம் ஓடவிட்ட பிறகே காலிபரேஷன்.

பிஎச்சையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். நீரில் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் என இரண்டு வடிவில் இருக்கும். இவ்வகைச் சென்சார் பெரும்பாலும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையே பார்க்கிறது. பிஎச் 7-ல் அது ஏறக்குறைய முக்கால் பங்கு, 8-ல் கால் பங்குதான். டிபிடியோ இரண்டு வடிவத்தையும் சேர்த்தே காட்டும். ஒப்பீட்டு மாதிரியைச் செல்லின் வெளியேறு குழாயிலேயே பிடித்து, பொடி போட்ட ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். தாமதித்தால் குளோரமினும் (அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின்) நிறம் கொடுக்கத் தொடங்கிவிடும்.