இனிப்புச் சோளத்துல எத்தனாலுக்கு ஏத்த ரகத்தை வயல்லயே பிரிக்கறது எப்படி

இனிப்புச் சோளத்தோட தண்டுச் சாறுல இருக்கற சர்க்கரையைப் புளிக்க வச்சுத்தான் எத்தனால் எடுக்கறாங்க, அதனால எல்லாச் சோளமும் ஒண்ணுதான்னு நெனைச்சு ஒரே விதையை வாங்கிப் போட்டுடாதீங்க. ஹைதராபாத் பக்கத்துல பட்டன்சேருவுல இருக்கற இக்ரிசாட்ங்கற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தோட விதை வங்கியில மட்டும் சோள மாதிரி 40,000க்கு நெருக்கமா இருக்கு, அதுல பைகலர், கினி, காடேட்டம், காஃபிர், துர்ரான்னு 5 இனம். அதனால நாலஞ்சு ரகத்தை பக்கத்துப் பக்கத்துல போடுங்க, ஒப்பிட்டுப் பாக்க எஸ்எஸ்வி 84ங்கற இனிப்புச் சோள ரகம் ஒரு வரிசை இருக்கட்டும்.

மொதல்ல இலையோட நடு நரம்பைப் பாருங்க. பளிச்சுனு வெள்ளையா இருந்தா தண்டுக்குள்ள பஞ்சுதான், மங்கலா பச்சை கலந்து இருந்தா சாறு இருக்கும், இதுக்குப் பின்னாடி இருக்கறது ட்ரைனு ஒரு ஜீன். பாதி ரகம் இங்கயே கழிஞ்சுடும்!

ஆனா சாறு இருந்தா இனிப்பு இருக்கும்னு அர்த்தமில்ல. மணியோட அடியில கறுப்புப் புள்ளி வந்ததும் தட்டையை வெட்டி, மேல நடு கீழன்னு மூணு கணுவுலயும் ஒவ்வொரு சொட்டு பிழிஞ்சு ரிஃப்ராக்டோமீட்டர்ங்கற கருவியில வச்சு பிரிக்ஸ், அதாவது சாறுல சர்க்கரை ஏறக்குறைய எத்தனை சதவீதம்னு காட்டற அளவு, பாருங்க, ஒரே செடியை நம்பாம ஒரு பத்துச் செடியாவது பாக்கணும். 16க்கு மேல வந்தா என் கணக்குல பாஸ், ஆனா 20 காட்டுற ஒல்லித் தட்டையை விட 16 காட்டுற தடிச்ச தட்டை ஏக்கருக்கு அதிக சர்க்கரை தரலாம், அதனால எடையும் போடுங்க. வெட்டுன அன்னிக்கே பிழிஞ்சுடுங்க, வச்சா சர்க்கரை போயிடும்.

தோத்த ரகத்தோட விதையையும் தூக்கிப் போடாதீங்க, வறட்சி தாங்கற குணம் அதுலகூட இருக்கலாம், ஒட்டுச் சேர்க்க உதவும்.