ஸ்லோ குக்கர் வாங்கிட்டீங்களா, மொதல்ல வெங்காயத்த வதக்குங்க

டொரொண்டோ பக்கம் வந்து எறங்குன மொத மூணு மாசத்துல கையில இருக்குற காசு எங்க போச்சுன்னே தெரியாம போகும் பாருங்க, அதுல பாதி வெளிச்சாப்பாடுதான். ஸ்கார்பரோல எறங்குனா கேக்கவே வேணாம், தெருவுக்குத் தெரு டேக்அவுட் கடை, கொத்து ரொட்டி வாசனை பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து கூப்பிடும், ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு ஆறு மணிக்கு இருட்டுல பனியில வீட்டுக்கு வந்தா யாருக்கு சமைக்கத் தோணும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நாலு பேருக்கு ஒரு ராத்திரி வாங்குற காசுல மூணு நாளைக்குக் கொழம்பு வெச்சிருக்கலாம்னு கணக்குப் போட்டுப் பாத்த அன்னைக்குத்தான் ஸ்லோ குக்கர் வாங்குனேன்.

உடனே கேப்பீங்க, ஊர்லேர்ந்து பிரஷர் குக்கர் கொண்டு வந்திருக்கோமே இது எதுக்குன்னு. பிரஷர் குக்கர் நல்லதுதான், அத விட்டுடாதீங்க. ஆனா அதுக்கு ஒரு ஆள் நின்னு விசில் எண்ணணும். ஸ்லோ குக்கர்ல காலைல ஆறரைக்குப் போட்டுட்டு கதவப் பூட்டிட்டு பஸ் ஏறிடலாம், சாயங்காலம் வந்தா வெந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டி காலத்துல மீன் கொழம்பு எறக்குனதும் வெறகடுப்பு கணகணப்புல மண்சட்டிய அப்படியே விட்டு வைப்பாங்க இல்ல, அதே வேலைய இங்க ப்ளக்ல மாட்டி பண்றாங்க.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருநாள் தேடிப் படிச்சேன். ஐர்விங் நாக்ஸன்னு ஒருத்தர், அவங்க யூதக் குடும்பம், லித்துவேனியாவுல அவர் வீட்டுப் பெரியவங்க சனிக்கிழமை ஓய்வுநாள்ல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு வெள்ளிக்கிழமையே பீன்ஸும் கறியும் பானையில போட்டு சூடு ஆறாத ரொட்டி அடுப்புல ராத்திரி பூரா விட்டு வைப்பாங்களாம். அந்தக் கதையக் கேட்டு வளந்தவர் கரண்ட்ல ஓடுற சட்டிய செஞ்சு 1940-ல பேட்டன்ட் வாங்குனார், அப்புறம் அத வேற கம்பெனி வாங்கி 1971-ல க்ராக்-பாட்ங்கிற பேர்ல விட்டதும் வீட்டுக்கு வீடு போயிடுச்சு. அதாவது இது பொறந்ததே பயறு வேக வைக்கத்தான். நம்ம சமையலுக்கு தூரத்து சொந்தம்னே வெச்சுக்கலாம்.

சரி, வாங்குறதப் பத்தி. ஊர்லேர்ந்து கரண்ட் சாமான் எதுவும் சுமந்துட்டு வராதீங்க, இங்க 120 வோல்ட், நம்ம ஊர்ல 230, ஒத்துவராது. புதுசே வாங்கணும்னும் இல்ல, வேல்யூ வில்லேஜ் மாதிரி பழைய சாமான் கடைல, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல எல்லாம் கெடக்கும், கல்யாணத்துக்கு கிஃப்டா வந்து ஒருதடவ கூட தொடாதது நெறைய. நாலு பேருக்கு 6 குவார்ட் வாங்குங்க, ஏறக்குறைய அஞ்சே முக்கால் லிட்டர். உள்ள இருக்குற பீங்கான் சட்டில கீறல் இருக்கா, மூடி சரியா உக்காருதா, வயர் நைஞ்சு போயிருக்கா, அடில சிஎஸ்ஏ முத்திரை (கரண்ட் சாமான பாதுகாப்புக்கு சோதிச்சுப் பாத்ததுக்கு அடையாளம்) மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பாதிக்குத் தண்ணி ஊத்தி மூடி, லோ-ல, அதாவது கம்மி சூட்டுல, 8 மணி நேரம் விட்டு தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க, 85 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தா நல்ல குக்கர். அத விடக் கம்மின்னா அது கறி சமைக்க லாயக்கில்ல, காசு போனாப் போகுதுன்னு விட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இங்கிலீஷ் ரெசிபி எல்லாத்துலயும் ‘எல்லாத்தையும் உள்ள போடுங்க, மூடுங்க, போயிடுங்க’ன்னு இருக்கும். அத நம்பி மொத நாள் சிக்கன், வெங்காயம், இஞ்சி பூண்டு, மெளகாத்தூள், மல்லித்தூள், தக்காளி, ரெண்டு டம்ளர் தண்ணி எல்லாத்தையும் பச்சையா கொட்டிட்டு போனேன். சாயங்காலம் கதவத் தொறந்தா வாசனை என்னமோ வருது ஆனா அது கொழம்பு வாசனை இல்ல. தண்ணில மெதக்குற கறி, பச்சை வெங்காய வாடை, மல்லித்தூள் தனியா நிக்குது. என் பொண்ணு ஒரு வாய் வெச்சுட்டு ‘அம்மா இது சூப்பா?’ன்னு கேட்டா.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காட்ட போய் அழுதேன். ‘வெங்காயத்த வதக்காமப் போட்டா பச்சை மணம் எப்பிடிப் பிள்ளை போகும்? இது கொதிக்கிற சட்டி இல்ல, அவியிற சட்டி’ன்னாங்க. அவ்வளவுதான் சூத்திரமே. ஸ்லோ குக்கர் வேக வைக்கும், வதக்காது, தாளிக்காது, சுண்ட வைக்காது. நம்ம சமையல்ல ருசி இருக்குறதே இந்த மூணுலதான். அதனால அந்த மூணையும் நீங்க பண்ணணும், வேக வைக்கிறத மட்டும் அதுகிட்ட விடணும்.

வதக்குறதுக்கு தெனமும் நேரம் கெடைக்காதே? ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு பை வெங்காயம், 10 பவுண்டு பை சேலுக்கு வரும்போது வாங்குனது, அதுல பாதிய நறுக்கி பெரிய சட்டில எண்ணெய் விட்டு நல்லா செவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுது போட்டு பச்சை வாடை போனதும் தக்காளியும் சேத்து எண்ணெய் பிரியிற வரைக்கும் சுண்ட விடுங்க. ஆறுனதும் கப் கப்பா பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க, தயிர் டப்பா இருக்கவே இருக்கு (இந்த ஊர்ல எந்தத் தமிழ் வீட்டு ஃப்ரீசர்லயும் தயிர் டப்பாவத் தொறந்தா தயிர் மட்டும் இருக்காது). ஒரு சமையலுக்கு ஒரு கப். வதக்குற அன்னைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன போட்டு, ஜாக்கெட் எல்லாத்தையும் ரூம்ல வெச்சு கதவ சாத்துங்க, பேஸ்மென்ட் வீடுன்னா இன்னும் கவனம். வின்டர் ஜாக்கெட்ல ஏறுன தாளிப்பு வாசனை ஏப்ரல் வரைக்கும் கூடவே வரும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வதக்குறதுல மேல்வீட்டு ஓனருக்கும் நிம்மதி.

இன்னொரு குறுக்கு வழியும் அக்கா சொன்னதுதான், யாழ்ப்பாணக் கறித்தூள். அது வறுத்து அரைச்ச தூள், அதனால ஸ்லோ குக்கர்ல போட்டாலும் பச்சை வாசனை அடிக்காது, நம்ம ஊர் வறுக்காத மெளகாத்தூள் மல்லித்தூள்னா கலவைய வதக்கும்போதே சேத்து வதக்கிடணும். இங்க எந்தத் தமிழ்க் கடைலயும் கெடைக்கும். காரம் மட்டும் பாத்துப் போடுங்க, நான் நம்ம சாம்பார்ப் பொடி அளவுல போட்டுட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பட்டை கிராம்பும் பாதியாக் கொறைங்க, எட்டு மணி நேரம் ஊறுனா மருந்து மாதிரி எறங்கிடும்.

தண்ணியும் அப்படித்தான். மூடி போட்டா ஆவி எங்கயும் போகாது, திரும்ப உள்ளயே விழும், கறியும் தண்ணி விடும். அடுப்புக் கொழம்புக்கு ரெண்டு டம்ளர்னா இதுக்கு அரை டம்ளர் போதும். நடுவுல மூடியத் தொறந்து தொறந்து பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் பின்னாடி போகும்.

எங்க வீட்டுல அடிக்கடி பண்றது சிக்கன். முதுகெலும்பு ஒட்டுன லெக் பீஸ்தான் இங்க வெலை கம்மி, ப்ரெஸ்ட் வாங்காதீங்க, காசும் ஜாஸ்தி, எட்டு மணி நேரத்துல நார் நாராப் போயிடும். நாலு லெக், தோல உரிச்சுடுங்க இல்லன்னா மேல எண்ணெய்ப் படலம் நிக்கும். அடில ரெண்டு உருளைக்கெழங்கு பெரிசா வெட்டிப் போடுங்க, கெழங்குதான் கறிய விட லேட்டா வேகும். மேல கறி, ஒரு கப் வதக்குன கலவை, ரெண்டு டேபிள்ஸ்பூன் கறித்தூள், உப்பு, அரை டம்ளர் தண்ணி, லோ-ல ஏழு மணி நேரம். வந்ததும் ஹை-ல வெச்சு மூடியத் தொறந்து அரை டின் தேங்காப்பால் ஊத்தி இருபது நிமிஷம் விட்டா கெட்டியாயிடும், அதுக்குள்ள சோறு ஆயிடும். சின்னக் கரண்டில சோம்பு கறிவேப்பில தாளிச்சுக் கொட்டுங்க. அந்த ரெண்டு நிமிஷத் தாளிப்ப விட்டுடாதீங்க, அது இல்லன்னா ஆஸ்பத்திரி சாப்பாடு.

பருப்புக்கு தொவரம் பருப்புதான் வேணும்னு பிடிவாதம் வேணாம். மைசூர் பருப்பு இங்க சஸ்காச்சுவான் மாகாணத்துல மூட்டை மூட்டையா வெளையுது, இந்தியாவுக்கே இங்கேர்ந்து கப்பல்ல போகுது, நாம அத பெட்டில கட்டித் திரும்பக் கொண்டு வரோம். ஒன்றரை டம்ளர் பருப்பு, அஞ்சு டம்ளர் தண்ணி, மஞ்சத்தூள், பூண்டு, கூடவே முட்டைக்கோஸ் கேரட் எது சேல்ல இருக்கோ அது, லோ-ல அஞ்சாறு மணி நேரம். புளிய மட்டும் கடைசில ஊத்துங்க, முன்னாடியே ஊத்துனா பருப்பு வேகாம அடம் பிடிக்கும். கொண்டக்கடலையும் இதே கதைதான், ராத்திரி ரெண்டு டம்ளர் ஊற வெச்சு காலைல வெறும் தண்ணில லோ-ல எட்டு மணி நேரம், வெந்த அப்புறம்தான் புளி தக்காளி எல்லாம். ஒரு நாளுக்குக் கொழம்பு, மீதி மறுநாள் சுண்டல்.

ராஜ்மா மட்டும் வேற. செவப்பு ராஜ்மால பச்சையா இருக்கும்போது ஒரு நச்சு இருக்கு, ஸ்லோ குக்கர் சூடு அத அழிக்கப் பத்தாது, அரைவேக்காட்டுல சாப்பிட்டா வாந்தி பேதிதான். ஊற வெச்ச தண்ணியக் கொட்டிட்டு புதுத் தண்ணில அடுப்புல தளதளன்னு கொறஞ்சது பத்து நிமிஷம் கொதிக்க விடணும், நான் அரை மணி நேரம் விடுவேன், அப்புறம்தான் குக்கருக்கு. டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, பயமில்ல.

கறிலயும் ரெண்டு விஷயம். ஃப்ரீசர்லேர்ந்து கல்லு மாதிரி எடுத்து நேரா போடாதீங்க, மொத நாளே கீழ ஃப்ரிட்ஜுல எறக்கி வைங்க, ஏன்னா 4 டிகிரிலேர்ந்து 60 வரைக்கும் உள்ள சூட்டுல கிருமி பெருகும், ஐஸ் கறி அந்த சூட்டுலயே ரொம்ப நேரம் கெடக்கும். நறுக்குனத ராத்திரியே தனித்தனி டப்பால ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாம், ஆனா பீங்கான் சட்டியோட உள்ள வெச்சு காலைல சூடான பேஸ்ல எறக்காதீங்க, வெடிச்சுடும். மீந்தத ரெண்டு மணி நேரத்துக்குள்ள சின்னச் சின்ன டப்பால மாத்தி ஃப்ரிட்ஜுல வைங்க. குளிர்தானேன்னு பால்கனில வைக்கிற பழக்கம் நம்மாளுங்களுக்கு உண்டு, ராக்கூன்னு இங்க ராத்திரில திரியிற மிருகம் ஒண்ணு மூடியத் தொறக்கும், சிரிக்காதீங்க, நெசமாவே தொறக்கும்.

கரண்ட் பில்ல இங்க ஹைட்ரோ பில்னு சொல்வாங்க, நான் ரெண்டு மாசம் அத தண்ணி பில்னு நெனச்சுட்டு இருந்தேன். 6 குவார்ட் குக்கர் சுமாரா 250 வாட்தான் இழுக்கும், எட்டு மணி நேரம் ஓடுனாலும் ரெண்டு யூனிட்டுக்குள்ள. ஒன்டாரியோல டைம் ஆஃப் யூஸ் திட்டத்துல வார நாள்ல ராத்திரி 7-லேர்ந்து காலைல 7 வரைக்கும், சனி ஞாயிறு முழுசும் வெலை கம்மி, அதனால நான் ராத்திரி கஞ்சி போடுவேன். அரை டம்ளர் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், நாலு பல் பூண்டு, ஏழு டம்ளர் தண்ணி, லோ-ல விட்டுட்டுப் படுத்தா காலைல கொழகொழன்னு ரெடி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற வீட்டுக்காரர் சுடச்சுட ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் படுப்பார், மீதி பிள்ளைங்களுக்கு தெர்மாஸ்ல போகும். தெர்மாஸ்ல மொதல்ல கொதிக்கிற தண்ணிய ஊத்தி பத்து நிமிஷம் வெச்சு கொட்டிட்டு அப்புறம் கஞ்சிய ஊத்துங்க, மதியம் வரைக்கும் சூடு நிக்கும். தொட்டுக்க வேர்க்கடலை சட்னி மட்டும் குடுத்துடாதீங்க, நெறைய ஸ்கூல்ல கடலைக்குத் தடை.

ஃப்ளையர், அதாவது கடைங்க வாரா வாரம் விடுற சேல் விளம்பரம், அத பாக்கப் பழகிக்குங்க, ஃப்ளிப் ஆப்ல எல்லாக் கடையோடதும் இருக்கும். இங்க வியாழக்கெழமதான் புது வாரம் தொடங்கும், நோ ஃப்ரில்ஸ், ஃப்ரெஷ்கோ, ஃபுட் பேசிக்ஸ் இதுல எதுல சிக்கன் லெக் கம்மின்னு பாத்துட்டு அந்த வாரம் அத மட்டும் ரெண்டு மூணு பேக் வாங்கி ஃப்ரீசர்ல போடுங்க. பெரிசா போட்டிருக்குற வெலை பவுண்டுக்கு, கிலோவுக்கு இல்ல, ஒரு பவுண்டுங்கிறது 454 கிராம். அக்டோபர் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும், கிறிஸ்மஸ் முடிஞ்சதும் வான்கோழி வெலை கொறையும், அதோட காலு மட்டும் கெடச்சா மெளகு நெறைய தட்டிப் போட்டு லோ-ல ஒம்பது மணி நேரம் விடுங்க, எலும்பு தானா கழண்டு வரும், அப்புறம் கறிய மட்டும் எடுத்து சட்டில ஒரு பிரட்டு பிரட்டுனா மெளகு வறுவல். வான்கோழின்னு சொல்லாம வைங்க, எங்க வீட்டுல இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.